முள் ஆடுகிறது... கிலோமீட்டர் ஓடவில்லை!

“அப்பா காலத்து அம்பாசிடர் கார் எங்களிடம் இருக்கிறது. வேகம் காட்டும் முள் நன்றாக வேலை செய்கிறது. கிலோமீட்டர் எண் மட்டும் ஒரே இடத்தில் நிற்கிறது. சரிசெய்ய முடியுமா, அப்படியே விட்டுவிடலாமா?”
– ஸ்ரீரங்கம் வாசகர்

வாழைக்கு வாடல் நோய், நெல்லுக்கு இலைச்சுருட்டுப் புழு என்று கேள்விகள் வரும் பகுதிக்கு இப்படி ஒரு கேள்வி. பயிர் சம்பந்தப்பட்டது இல்லையே என்று ஒதுக்க மனம் வரவில்லை. காரணம், இதே தவற்றைச் செய்து பணத்தை இழந்தவன் நான்.

எங்கள் வீட்டிலும் ஓர் அம்பாசிடர் இருந்தது. ஜீயபுரம் பக்கம் உள்ள வாழைத்தோட்டத்துக்கும், திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கும் ஓடிய வண்டி. ஒருநாள் எண் நின்றது. ‘வண்டி ஓடுகிறதே, எண் எதற்கு?’ என்று விட்டுவிட்டேன். இன்ஜின் ஆயில் எப்போது மாற்றினோம், முன்சக்கரத்துக்கு எப்போது கிரீஸ் அடித்தோம் என்பதெல்லாம் குத்துமதிப்பானது. ஒரு வருடம் கழித்து இன்ஜினில் தட்டும் சத்தம். பிரித்துப் பார்த்தால் பேரிங் தேய்ந்து போயிருந்தது. நகத்தளவு பல்சக்கரத்தைக் கவனிக்காததற்கு, அந்தப் போக வாழை வருமானத்தில் பெரும்பங்கு போனது.

எண் மட்டும் ஏன் நிற்கிறது?

பாலக்கரைப் பக்கம் மீட்டர் பழுது பார்க்கும் பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “முள்ளு ஆடுதா, நம்பர் ஓடுதா? தனித்தனியா பாத்து சொல்லுங்க சார்.” பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும்.

கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. அதை ஒட்டி, ஆனால் தொடாமல் இருக்கும் அலுமினியக் கிண்ணத்தைக் காந்தம் இழுக்க, அதோடு சேர்ந்த முள் நகர்கிறது. மெல்லிய சுருள்வில் அதைத் திருப்பி இழுக்கிறது. அதே தண்டில் உள்ள திருகுமரை, சிறு பல்சக்கரங்கள் வழியாக எண் உருளைகளை மெதுவாகத் திருப்புகிறது.

முள்ளும் எண்ணும் சேர்ந்து நின்றால் கேபிளையும், கியர்பாக்ஸ் பக்கத்துப் பல்சக்கரத்தையும் முதலில் பாருங்கள். முள் ஆடி எண் மட்டும் நின்றால் கோளாறு மீட்டருக்குள்தான். பிளாஸ்டிக் பல்சக்கரம் வெயிலிலும் வயதிலும் சுருங்கி, இரும்புத் தண்டைப் பிடித்தபடியே வெடிக்கும். வண்டி ஓடும்போது பயணத் தூரத்தைப் பூஜ்ஜியமாக்கும் குமிழைத் திருகினாலும் பல் உடையும்.

சரிசெய்யும் முறை

1. பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். நின்ற எண்ணைக் குறித்துக்கொண்டு மீட்டரை வெளியே எடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்தால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது.

2. முள்ளைப் பிடுங்காதீர்கள், சுருள்வில்லைத் தொடாதீர்கள். அது கெட்டால் வேகமே தப்பாகக் காட்டும். முள்ளைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் மீட்டர் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

3. உடைந்த சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். உடைந்த துண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். 20 பல் இருந்த இடத்தில் 19 பல் சக்கரம் போட்டால், 100 கிலோமீட்டர் ஓடினால் 105 என்று காட்டும்.

4. அதே ரக பழைய மீட்டர் கிடைத்தால் அதிலிருந்து எடுக்கலாம். இல்லையென்றால் மாதிரியைக் கொடுத்துப் பித்தளையில் வெட்டி வாங்கலாம். பசை போட்டு ஒட்டுவது தற்காலிகம்தான்.

5. பூட்டுமுன் கையால் சுழற்றிப் பாருங்கள். கடைசி எண் 9-லிருந்து 0-க்கு மாறும்போது பக்கத்து எண் ஒன்று ஏற வேண்டும்.

6. கேபிளின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் தடவினால் கிரீஸ் உள்ளே ஏறி முள் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு கரூர் சாலையில் 10 கிலோமீட்டர் கற்களைக் கடந்து பாருங்கள். மீட்டரும் 10 காட்டினால் வேலை சரி.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இனி உதிரிபாகம் குறையுமே தவிரக் கூடாது. அதனால் கழற்றிய பழைய மீட்டரைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

இன்னொன்று. எண் உருளையைக் கழற்றும்போது, குறைத்து வைத்தால் நல்ல விலை போகுமே என்று யாராவது சொல்வார்கள். நின்ற எண்ணிலேயே வையுங்கள். எத்தனை மாதம் ஓடாமல் இருந்தது என்பதை நோட்டில் எழுதி, விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லுங்கள். விதைநெல்லில் பதர் கலந்து விற்பதற்கும், எண்ணைக் குறைத்து விற்பதற்கும் வித்தியாசம் இல்லை.

“டிராக்டர் மணி மீட்டருக்கும் இது பொருந்துமா?” – லால்குடி வாசகர்

பொருந்தும். கேபிளில் ஓடும் பழைய டிராக்டர் மீட்டரிலும் இதே மாதிரி பல்சக்கரங்கள்தான். ஆனால் அது கடிகார மணி அல்ல. இன்ஜின் குறிப்பிட்ட வேகத்தில் சுற்றினால்தான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி ஏறும். மெதுவாக ஓடினால் குறைவாக ஏறும். ஆயில் மாற்ற அந்தக் கணக்கு போதும். வாடகைக்கு உழும்போது தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் இருவரும் சேர்ந்து கடிகாரத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வரப்பில் நின்று வாய்ச்சண்டை போட வேண்டியிருக்காது.