ஆகாயத்திலிருந்து தாது தேடுதல்

தங்கத்தைத் தேடி விமானம் ஏறும் விஞ்ஞானி, உண்மையில் தங்கத்தைத் தேடுவதில்லை. பூமியின் ஆழத்திலிருந்து அமிலமும் உப்பும் கலந்து கொதித்தெழும் நீர், பாறைப் பிளவுகளின் வழியே ஏறி வரும்போது சிற்சில இடங்களில் உலோகத்தைப் படியவிடுவதோடு, சுற்றியுள்ள பாறையையும் அலுனைட், கயோலினைட் முதலிய கனிமங்களாக மாற்றிவிடுகிறது. உலோகம் மெல்லிய நரம்பாக மறைந்திருக்க, மாறுதலடைந்த பாறையோ வெகுதூரம் பரந்து கிடக்கிறது. புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் தார்க்கிகரைப் போல, இவர் அந்தப் பாறையையே தேடுகிறார்.

அதை அடையாளம் காட்டுவது சூரிய ஒளி. கயோலினைட்டில் அலுமினியத்தோடு பிணைந்துள்ள ஹைட்ராக்ஸில், 2.2 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை விழுங்கிவிடுவதால், அது திருப்பியனுப்பும் ஒளியின் கோட்டில் அவ்விடத்தே அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள் தோன்றுகின்றன. அலுனைட்டின் பள்ளம் 2.17 மைக்ரானை ஒட்டி விழுகிறது. நம் கண்ணின் எல்லையோ ஏறக்குறைய 0.7 மைக்ரானோடு முடிந்துவிடுகிறது. சாதாரணச் செயற்கைக்கோள் படமும் 2.2 மைக்ரானை ஒட்டிய பகுதி முழுவதையும் ஒரே அகன்ற பட்டையாக வாங்கிக்கொள்வதால், இந்நுட்ப பேதங்கள் அதில் கரைந்துபோகின்றன. 1987 முதல் பறந்த 'அவிரிஸ்' என்னும் அமெரிக்கச் சாதனமோ, 0.4 முதல் 2.5 மைக்ரான் வரையுள்ள ஒளியை 224 பட்டைகளாகப் பிரித்து, 20 கிலோமீட்டர் உயரத்திலிருந்தே, ஏறத்தாழ 20 மீட்டர் சதுரமான ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனித்தனி ஒளிக்கோடு வரைந்து தந்துவிடும். அக்கோட்டைச் சோதனைச்சாலையில் அளந்து வைத்த கோடுகளோடு ஒப்பிட்டுக் கனிமத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்.

இம்முறைக்குப் பரீட்சைக்களமாய் அமைந்தது நெவாடா மாகாணத்தின் குப்ரைட் என்னும் வறண்ட மலைப்பிரதேசம். அம்மோனியம் கலந்த பட்டிங்டோனைட் என்னும் அரிய கனிமம் அங்கே இருப்பதை, அவிரிஸுக்கு முந்திய விமானக் கருவியொன்று 1980களில் காட்டிக்கொடுத்தது. வெறுங்கண்ணால் பிரித்தறிய எளிதில் இயலாத கல் அது. ஆயினும் குப்ரைட் பெரிய சுரங்கமாக வளரவில்லை. புகை அங்கே தாராளம், நெருப்புத்தான் கிடைக்கவில்லை!

மரஞ்செடி மூடிய நிலத்தில் இக்கருவி இலையைத்தான் காணும். பாறை வெளிப்பட்ட இடத்திலும் அதன் மேல்தோலுக்குக் கீழே பார்வை செல்லாது. குவார்ட்ஸோ இந்த அலைநீளங்களில் மௌனம் சாதிக்கிறது. இந்தியாவும் 2018 நவம்பரில் 'ஹைசிஸ்' என்னும் இவ்வினச் செயற்கைக்கோளை ஏவியுள்ளது. ஆனால் இத்தகைய கருவி தரும் கனிம வர்ணப்படத்தை மட்டும் நம்பிச் சுரங்கத்தில் பணம் போட எண்ணுபவர்கள், துளைபோட்டு எடுத்த பாறையின் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே பையைத் திறப்பது நல்லது.