உங்களுக்குத் தெரியுமா? நுனியைக் கிள்ளினால் கிளை வெடிப்பது ஏன்?

செடிமுருங்கை 75 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார்கள். கஞ்சா வளர்ப்பைச் சட்டம் அனுமதிக்கும் கனடாவிலும் அந்தச் செடிக்கு இதே வைத்தியம்தான்! நுனிமொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே இறங்கி, இலைக்கக்கத்தில் உள்ள பக்கமொட்டுகளை உறங்கவைக்கிறது. 1933இல் திமான், ஸ்கூக் என்ற ஆய்வாளர்கள் இருவர், நுனி வெட்டிய அவரையினச் செடியின் தண்டில் ஆக்சினைத் தடவினார்கள். பக்கமொட்டுகள் எழவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஆக்சின் அந்த மொட்டுகளுக்குள் நுழைவதே கிடையாது. செல் பிரிவைத் தூண்டும் சைட்டோகைனின் உற்பத்தியைத் தண்டிலேயே மட்டுப்படுத்திவிடுகிறது. ஆனால் ஆக்சின் மட்டும் காரணமல்ல. நுனி போனதும் அது தின்றுவந்த சர்க்கரை பக்கமொட்டுகளுக்குத் திரும்புகிறது. பட்டாணிச் செடியில் செய்த ஆய்வில், ஆக்சின் குறைவதற்கு முன்பே சர்க்கரை போய்ச்சேர்ந்து மொட்டுகளை எழுப்பிவிட்டது 2014இல் தெரியவந்தது.