12 டாலர் மருந்துக்கு 2,000 டாலர்! நடிகர் உயிரைக் குடித்த மயக்க ஊசி

'பிரண்ட்ஸ்' டெலிவிஷன் தொடரில் நடித்துப் புகழ் பெற்றவர் மேத்யூ பெர்ரி (வயது 54). 2023 அக்டோபர் 28-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில், வெந்நீர்த் தொட்டியில் பிணமாகக் கிடந்தார்.

பிரேதப் பரிசோதனையில் குட்டு வெளிப்பட்டது. ரத்தத்தில் 'கெட்டமின்' அளவுக்கு மீறி இருந்தது!

மரத்துப்போகும்

இது ஆபரேஷனுக்குப் போடும் மயக்க மருந்து. போதைக்கு ஏற்றினால் உடம்பு வேறு, மனசு வேறு என்று ஆகிவிடும். கை, காலை அசைக்க முடியாது. தண்ணீரில் முகம் கவிழ்ந்தாலும் தெரியாது. பழகிப்போனால் மூத்திரப்பை புண்ணாகும்.

பெர்ரிக்கு மனச்சோர்வு வைத்தியமாகத்தான் இது ஆரம்பித்தது. கூடுதல் 'டோஸ்' கேட்டார். கிளினிக்கில் மறுத்தார்கள். கள்ள வழி திறந்தது.

"இந்த மடையன்..."

12 டாலர் பெறுமான புட்டிக்கு 2,000 டாலர் கறந்தார்கள். "இந்த மடையன் எவ்வளவு கொடுப்பானோ?" என்று ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்குச் சேதி அனுப்பியதும் அம்பலமானது. செத்த அன்று மட்டும் குறைந்தது 3 ஊசி. போட்டவர், கூடவே இருந்த உதவியாளர்!

2024 ஆகஸ்டில் வழக்கு விவரம் வெளியானது. டாக்டர்கள் 2 பேர், உதவியாளர், புரோக்கர், 'கெட்டமின் ராணி' என்று பேரெடுத்த பெண் என 5 பேர் சிக்கினார்கள். அத்தனை பேரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். டாக்டர் ஒருவருக்கு 2025 டிசம்பரில் 30 மாத ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.