“ஓம் சேர்” என்றால் விளங்கியது என்று அர்த்தமல்ல: வன்னித் தொழிற்சாலையில் நான் கற்ற தொடர்பாடல்

முகாமைத்துவம், தலைமைத்துவம் என்று பேசினாலே கொழும்பு ஹோட்டலில் நடக்கும் செயலமர்வும், திரையில் ஓடும் ஆங்கிலப் படங்களும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அப்படியான செயலமர்வுகள் சிலவற்றில் நானும் இருந்திருக்கிறேன். சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் ஒரு மனிதனை வைத்து வேலை வாங்குவது எப்படி என்பதை நான் கற்றது அங்கேயல்ல. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில், பிளாஸ்டிக் கதிரையில் தலை குனிந்து இருந்தபோதுதான் கற்றேன்.

என் ஊர் முல்லைத்தீவு நீராவிப்பிட்டி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. வளர்ந்தது புத்தளத்தில். அங்கே சந்தையில் மூட்டை இறக்கியபடி சிங்களம் பழகினேன். அந்தச் சிங்களம்தான் 2012இல் வன்னியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு மேற்பார்வையாளர் வேலை வாங்கித் தந்தது. மேலே இருந்தவர்கள் தெற்கிலிருந்து வந்த சிங்கள முகாமையாளர்கள். கீழே இருந்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகள், பெரும்பாலும் பெண்கள். நடுவில் நான். ஐந்து வருடங்களில் துணை உற்பத்தி முகாமையாளர் ஆனேன். தொழிற்சாலையின் பெயர் இங்கே வேண்டாம். இந்தக் கட்டுரையில் பெயர் சொல்லி நான் குறிப்பிடும் நிறுவனம் அதுவல்ல.

2017இல் ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணியளவில் தரப் பரிசோதனை மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். எல் அளவு உடுப்புகளுக்கு எம் அளவு லேபிள் தைக்கப்பட்டிருக்கிறது. காலைத் தேநீருக்குப் பிறகு போன அத்தனையும், சுமார் 280 உருப்படி, பிரித்துத் தைக்க வேண்டும். அடுத்த நாள் கொள்கலன் ஏற்ற வேண்டிய ஓடர். எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. லேபிள் தைத்த பிள்ளையின் மெஷினுக்கு முன்னால் போய் நின்று, நாற்பது பேர் பார்த்திருக்க, “உனக்குக் கண் தெரியாதா? நீ படிச்சனியா இல்லையா?” என்று கத்தினேன். அந்தப் பிள்ளை எழும்பி நின்று, “ஓம் சேர்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு கிழமை கழித்து விலகல் கடிதம் வந்தது. மனிதவளப் பிரிவில் கோப்பை எடுத்துப் பார்த்த உத்தியோகத்தர் என்னிடம் ஒரு விடயத்தைக் காட்டினார். அவளுடைய சேவைக்காலம் நான்கு வருடம், எட்டு மாதம்.

இதன் பொருள் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை கிடைக்கும். இன்னும் நான்கு மாதம் இருந்திருந்தால் இரண்டரை மாதச் சம்பளம் அவள் கைக்கு உரியதாகியிருக்கும். நான்கு வருடம் எட்டு மாதத்துக்குச் சட்டம் ஒன்றும் தராது. (நம் கடைகளிலும் ஆலைகளிலும் பதினைந்து பேருக்கு மேல் வைத்திருப்பவர்கள் இந்தச் சட்டம் தமக்கும் பொருந்தும் என்பதை ஒரு முறை நினைத்துப் பார்ப்பது நல்லது.)

அவளைத் திரும்ப அழைத்து வரலாம் என்று அவளுடைய லைன் தலைவியையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். தகப்பன் 2009இல் காணாமல் போனவர். தாயும் பள்ளிக்கூடம் போகும் ஒரு தம்பியும். அந்த வீட்டின் மாதச் சம்பளம் அவளுடையது மட்டும்தான். பிள்ளை வெளியே வரவில்லை. தாய் தேநீர் தந்துவிட்டுச் சொன்னார்: “பிழை விட்டதெண்டால் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் தம்பி. நாப்பது பேருக்கு முன்னால ஏன் சொன்னனீங்கள்?”

எனக்குப் பதில் இருக்கவில்லை. திரும்பி வரும் வழியில் லைன் தலைவி அழுதுகொண்டே இன்னொன்றைச் சொன்னாள். அன்று காலை அந்தப் பிள்ளை லேபிளைக் காட்டி, “அக்கா, இது மாறி வந்திட்டுது போல கிடக்கு” என்று அவளிடம் கேட்டிருக்கிறாள். “டார்கெட் போகுது, தைச்சு விடு” என்று அனுப்பியது லைன் தலைவிதான். அதாவது பிழையைக் கண்டுபிடித்த ஒரே ஆளைத்தான் நான் குருடி என்று ஏசியிருக்கிறேன். லைன் தலைவி ஏன் என்னிடம் வந்து கேட்கவில்லை? அதற்கு முந்தின கிழமை லைன் நின்றதற்காக அவளையும் நான்தான் ஏசியிருந்தேன்.

இதை யோசிக்கும்போதெல்லாம் பயிற்சிகளில் சொல்லப்படும் ஒரு விமான விபத்து நினைவுக்கு வரும். 1977 மார்ச் 27ஆம் திகதி ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில், கடும் மூடுபனியில், கே.எல்.எம். விமானம் ஒன்று அனுமதி கிடைக்கும் முன்னரே ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் பான் ஆம் விமானம் இருந்தது. மற்ற விமானம் இன்னும் விலகவில்லையோ என்று விமானப் பொறியியலாளர் கேட்டார். மிக மூத்தவரான தலைமை விமானி விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். கீழே இருப்பவர் மெல்லிய குரலில் கேட்கும் கேள்வியை மேலே இருப்பவர் எப்படிக் கேட்க வேண்டும் என்பதைப் பயிற்சியாக்கும் வழக்கம் விமானத்துறையில் வேகமெடுத்ததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம். லேபிள் மாறுவதும் விமானம் மோதுவதும் ஒன்றல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி அமுங்கிப்போன விதம் ஒன்றுதான்.

நம் வன்னியில் “ஓம்” என்ற சொல்லை வைத்தே ஒரு பாடம் நடத்தலாம். “விளங்கிச்சா?” என்று கேட்டால் “ஓம்” என்பார்கள். அது விளங்கியது என்பதல்ல, “நீங்கள் சொன்னது காதில் விழுந்தது, இனிப் போங்கோ” என்பதுதான். “பாப்பம்” என்றால் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். “பிரச்சினை இல்லை சேர்” என்றால் பிரச்சினை இருக்கிறது, உங்களிடம் சொல்ல விருப்பமில்லை என்று அர்த்தம். ஆகவே “விளங்கிச்சா?” என்ற கேள்வியையே நான் விட்டுவிட்டேன். “இப்ப நான் என்ன சொன்னனான் எண்டு அந்த அக்காவுக்கு ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்” என்பேன். அவர் திருப்பிச் சொல்லும்போது பாதி நேரம் என் பிழைதான் வெளியே வரும். நான் சொல்ல மறந்தது, இரண்டு கருத்துப்படச் சொன்னது எல்லாம் அப்போதுதான் தெரியும்.

மொழிபெயர்ப்பில் நடக்கும் இன்னொரு கூத்து இருக்கிறது. ஓடர் ஆங்கிலத்தில் வருகிறது, முகாமையாளர் அதைச் சிங்களத்தில் சொல்கிறார், என்னைப் போன்ற ஒருவன் தமிழில் சொல்கிறான். இந்தப் பயணத்தில் முதலில் விழுந்துபோவது மரியாதைச் சொற்கள். “புளுவன் நம்” என்று அவர் தொடங்கியிருப்பார், முடியுமானால் என்று அர்த்தம். அவசரத்தில் அதை நான் விட்டுவிடுவேன். “ஏழு மணி வரைக்கும் நிக்கட்டாம்” என்பது மட்டும் லைனுக்குப் போய்ச் சேரும். கேட்பவருக்கு அது கட்டளை. மறுபக்கம், “ஊசி அடிக்கடி உடையுது, கை வைக்கப் பயமாக்கிடக்கு” என்று ஒரு பிள்ளை சொன்னால், மேலே போகும்போது அது “மெஷினில் சின்னப் பிரச்சினை” ஆகிவிடும். கீழே போகும் சொல் முரடாகிறது, மேலே போகும் சொல் மெலிகிறது. இதில் என் குற்றமே அதிகம். முகாமையாளரைக் கோபப்படுத்தக்கூடாது என்று நானே முறையீடுகளின் பல்லைப் பிடுங்கித்தான் கொடுத்திருக்கிறேன்.

நம் நாட்டில் 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007 ஜூலைக்குப் பின் சேர்ந்த அரச உத்தியோகத்தர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையும் வந்தது. அது பிரதேச செயலகங்களில் எந்தளவுக்கு நடக்கிறது என்பது வாசகர்களுக்கே தெரியும். தனியார் துறை அதைத் தானாகத்தான் செய்ய வேண்டும்.

அப்படித் தானாகச் செய்த ஒருவரை எனக்குத் தெரியும். குருநாகல் பக்கத்து மனிதர், எங்கள் உற்பத்தி முகாமையாளர். லைனில் கேட்டுக் கேட்டுத் தமிழ் பழகியவர். ஒருவருக்கொருவர் தோழிகளாக இருக்கும் பிள்ளைகள் “வா, எடு, நில்” என்று பேசுவதைக் கேட்டு அதையே அவர்களிடமும் பேசினார். வயதில் மூத்த அக்காமார் முகம் சுருங்கியது அவருக்கு விளங்கவில்லை. நம் பக்கம் “நீ” வேறு, “நீர்” வேறு, “நீங்கள்” வேறு. ஒரே வேலையை மூன்று விதமாகச் சொல்லலாம், மூன்றுக்கும் மூன்று விதமாகத்தான் வேலை நடக்கும். ஒரு நாள் தேநீர் நேரத்தில் இதைச் சொன்னேன். உடனே குறிப்புப் புத்தகத்தை எடுத்து, சிங்கள எழுத்தில் “ங்கோ” என்று எழுதி வட்டம் போட்டார். அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் “ங்கோ” தான். “வாங்கோ, இருங்கோ, நிப்பாட்டுங்கோ.” பூனையைக்கூட “போங்கோ” என்றுதான் விரட்டினார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆனால் விடுமுறை கேட்க என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் நேரே அவரிடம் போகத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் நம்மவர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. வவுனியா கடைத்தெருவில் நம் எத்தனை கடைகளில் நிற்கும் பையனுக்குப் பெயர் இருக்கிறது? “டேய்”, “பொடியன்” என்பதுதானே பெயர்? வாடிக்கையாளர் முன்னால் அவனை ஏசினால் கடைக்காரரின் கண்டிப்பு தெரியும் என்று நினைக்கிறோம். அவன் அடுத்த பெருநாள் சீசனுக்கு எதிர்க்கடையில் நிற்கும்போது “நன்றி கெட்டவன்” என்கிறோம்.

இன்னொன்று, நாட்காட்டி. வைகாசியில் வற்றாப்பளை கண்ணகி அம்மன் பொங்கல் வந்தால் முல்லைத்தீவுப் பிள்ளைகளில் பெரும்பகுதி அன்றும் மறுநாளும் வரமாட்டார்கள். காலபோக அறுவடை தொடங்கினால் வயல் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் வரமாட்டார்கள். முதல் இரண்டு வருடமும் அந்த நாட்களுக்கு முழு டார்கெட் போட்டுவிட்டு, வராதவர்களை வரிசையில் நிறுத்தி விசாரித்தோம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாட்டி செத்திருந்தார். மூன்றாவது வருடம் ஒரு மாதத்துக்கு முன்பே, “யார் யார் பொங்கலுக்குப் போறியள்? மறைக்காமல் சொல்லுங்கோ, சம்பளம் வெட்டமாட்டன், வருட லீவில கழிப்பம்” என்று கேட்டேன். கை தூக்கியவர்களை எண்ணி டார்கெட்டைக் குறைத்தோம். நோன்பு காலத்தில் மாலை ஓவர்டைமிலிருந்து விலக்குக் கேட்டு ஒவ்வொரு வருடமும் தயங்கித் தயங்கி நின்றவன் நான். எனக்கே இது விளங்க மூன்று வருடம் ஆனது என்பதுதான் வெட்கம்.

சத்தம் போடுவது பற்றியும் சொல்ல வேண்டும். நான் வேலை வாங்கிய பிள்ளைகளில் பலர் 2009இல் போரின் கடைசி மாதங்களைப் பிள்ளைப் பருவத்தில் கடந்தவர்கள், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வரிசையில் நின்றவர்கள். உரத்த குரல் கேட்டால் சிலருக்குக் கை நடுங்கும். நடுங்கும் கையால் நேராகத் தைக்க முடியாது. இதற்கு உளவியல் படிக்கத் தேவையில்லை, தையலைப் பார்த்தாலே தெரியும்.

டொயோட்டா தொழிற்சாலைகளில் ஒரு கயிறு இருக்கும். பிழையைக் கண்ட எந்த ஊழியரும் அதை இழுக்கலாம். உடனே மேற்பார்வையாளர் வருவார், தீராவிட்டால் லைன் நிற்கும். 1984இல் அந்த முறையை கலிபோர்னியாவில், ஜெனரல் மோட்டார்ஸ் மூடிவிட்டுப் போன ஒரு தொழிற்சாலையில் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் அதே பழைய ஊழியர்கள்தான். முன்பு லைனை நிறுத்துவதே பெருங்குற்றமாக இருந்த இடம், சில வருடங்களில் தரத்துக்குப் பெயர் பெற்றது. நம் நாட்டில் மாஸ் நிறுவனமும் டொயோட்டா முறையைத் தழுவியே தன் உற்பத்தி முறையை அமைத்தது. கிளிநொச்சியில் வானவில், விடியல் என்று தொழிற்சாலை நடத்துவதும் அவர்கள்தான்.

எங்களிடம் கயிறு இருக்கவில்லை. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினோம். சந்தேகம் வந்தால் தூக்குங்கோ என்றோம். முதல் இரண்டு மாதமும் ஒருவர்கூடத் தூக்கவில்லை. துணியைக் கொடுப்பது சுலபம், தூக்கினால் ஏசமாட்டார்கள் என்று நம்பவைப்பதுதான் கஷ்டம். நான் தினமும் காலையில் லைனுக்குப் போய், முதல் நாள் நான் விட்ட பிழை ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். தேட வேண்டிய தேவை இருக்கவில்லை.

மூன்றாவது மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை துணியைத் தூக்கினாள். கையின் நிறம் மாறி வந்திருக்கிறது என்றாள். லைனை நிறுத்தி வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தோம். நிறம் சரிதான், மேலே இருந்த குழல்விளக்கு மங்கியிருந்தது. பதினொரு நிமிடம் போய்விட்டது. லைன் முழுவதும் என் முகத்தைத்தான் பார்த்தது. அந்தப் பிள்ளை எழும்பி நின்று, “நான் பிழையாப் பாத்திட்டன் சேர்” என்றாள்.

“இருங்கோ. அடுத்த முறையும் தூக்குங்கோ” என்றேன். குழல்விளக்கை மாற்றச் சொல்லிவிட்டு, மணிக்கு 80 என்றிருந்த பலகையில் அந்த மணித்தியாலத்துக்கு 66 என்று நானே எழுதினேன்.