கிரைண்டரும் ஆட்டாங்கல்லும்: எமுலேட்டர் என்கிற போலச்செய்தல் குறித்து

1

சென்ற கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகன் தன் லேப்டாப்பில் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆடிக்கொண்டிருந்தான். 1985இல் ஜப்பானில் வெளியான விளையாட்டு. பள்ளி நாட்களில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு டிவி ரிப்பேர்க் கடையின் பின்கட்டில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து நான் ஆடியது. அதே செங்கல், அதே காளான், அதே பச்சைக் குழாய். ஆனாலும் ஏதோ உறுத்தியது. வாங்கி ஆடிப் பார்த்தேன். மூன்றாவது பள்ளத்திலேயே விழுந்தேன். "என்னடா இது, இவ்வளவு வேகமா ஓடுது?" என்றேன். "வேகமெல்லாம் சரியாத்தானுங் மாமா இருக்குது. உங்களுக்குத்தான் வயசாயிப்போச்சு" என்றான்.

இருக்கலாம் என்று விடப் பார்த்தேன், முடியவில்லை. ஒரு பிரதியைப் பலமுறை வாசித்தவனின் உடம்பில் அதன் தாளம் தங்கிவிடுகிறது. ஒரு சீர் தட்டினால் காது சொல்லிவிடும். தட்டியது என் ஞாபகமா, பிரதியா என்கிற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது. வீடியோ விளையாட்டுக்குச் சிறுபத்திரிகையில் என்ன இடம் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மூலம், நகல், பாடபேதம், உரை என்று ஓலைச்சுவடிகளைச் சுற்றி நாம் பேசிவந்த அத்தனையும் இங்கே வேறு உடுப்பில் வந்து நிற்கின்றன.

2

முதலில் சங்கதி என்னவென்று பார்த்துவிடலாம். நிண்டெண்டோ கம்பெனி 1983இல் ஜப்பானில் 'ஃபேமிகாம்' என்கிற பெட்டியை வெளியிட்டது. டிவியோடு இணைத்து, கேசட்டைச் செருகி ஆடுவது. கேசட் என்று நாம் சொன்னாலும் உள்ளே நாடா கிடையாது. தகவலை அழியாமல் வைத்திருக்கும் சில்லுகள்தான். மாரியோ மொத்தமும் 40 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கிற ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரிது. பெட்டிக்குள் இருந்த செயலி 6502 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்பு, வேலை செய்ய 2 கிலோபைட் நினைவகம். அந்தக் குடும்பத்துச் செயலிக்கு முறைப்படி அறிவிக்கப்பட்ட கட்டளைக் குறியீடுகள் 151. லேப்டாப்பின் செயலிக்கு இந்த மொழி தெரியாது. கேசட்டில் உள்ளதை அப்படியே அதன்முன் வைத்தால் அதற்கு அது வெறும் எண் குவியல்.

எமுலேட்டர் என்பது இந்த இடைவெளியில் உட்காரும் ஒரு நிரல். பழைய விளையாட்டிலிருந்து ஒரு கட்டளையை எடுக்கிறது, பழைய செயலி இதைப் பார்த்து என்ன செய்திருக்கும் என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறது, அதன் விளைவைப் புதிய இயந்திரத்தில் உண்டாக்குகிறது, அடுத்ததற்குப் போகிறது. நொடிக்குப் பல லட்சம் முறை இதே வேலை. இது விளையாட்டுப் பையன்கள் கண்டுபிடித்ததும் அல்ல. ஐபிஎம் கம்பெனி 1964இல் 'சிஸ்டம்/360'ஐ அறிவித்தபோது, பழைய 1401 இயந்திரத்துக்கு எழுதிய கணக்குகள் புதியதிலும் ஓட வேண்டியிருந்தது; இல்லாவிட்டால் பழைய வாடிக்கைக்காரன் ஏன் புதியதை வாங்குவான்? எமுலேட்டர் பிறந்தது வியாபாரத் தேவையில்தான்.

இதற்குத் தமிழில் 'போலி' என்றால் இழிவு ஏறிவிடுகிறது. 'போலச்செய்தல்' என்பதையே வைத்துக்கொள்கிறேன். கோயமுத்தூர்க்காரனுக்கு இதை விளக்க வேறெங்கும் போகவேண்டியதில்லை. ஆட்டாங்கல்லில் கல் அசையாது, குழவி சுற்றும். நம்மூர் வெட் கிரைண்டரிலோ குழவி பிடிபட்டு இடம் பெயராமல் நிற்க, கல் சுற்றுகிறது. உள்ளியக்கம் தலைகீழ். அரிசிக்கும் உளுந்துக்கும் அது தெரியாது. மாவு மாவாகவே வருகிறது. கிரைண்டர் ஆட்டாங்கல்லின் எமுலேட்டர். உள்ளே என்ன நடக்கிறது என்பதல்ல, உள்ளே போடுகிற பண்டத்துக்குத் தான் ஆட்டாங்கல்லில்தான் இருக்கிறோம் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதான்' அவ்வளவு சுலபமில்லை. மாரியோவில் திரையின் மேல்பகுதியில் புள்ளிக்கணக்கு நகராமல் நிற்கும். கீழே காட்சி மட்டும் நகரும். ஒரே படத்தில் பாதி நிற்பதும் பாதி ஓடுவதும் எப்படி? பழைய டிவியில் படம் ஒரேயடியாக வருவதில்லை. மின்கற்றை மேலிருந்து கீழே வரிவரியாக வரைந்துகொண்டு வரும். புள்ளிக்கணக்கின் பக்கத்தில் சிறிய காசுப் படம் ஒன்று இருக்கிறதல்லவா, வரைதல் அதன் அடிவிளிம்பைத் தொடும் கணத்துக்காக விளையாட்டு காத்திருக்கும். தொட்டதும் மீதிப் படத்தை நகர்த்திவிடும். எமுலேட்டர் அந்தக் கணத்தைக் காட்டத் தவறினால் மாரியோ காத்துக்கொண்டே இருப்பார், விளையாட்டு உறைந்துபோகும். காசு அலங்காரம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தோம். அது அசைச்சொல் இல்லை. வாக்கியமே அதில்தான் தொங்குகிறது.

3

ஆகவே எமுலேட்டர் எழுதுகிறவன் நகலெடுப்பவன் அல்ல, உரையாசிரியன். இயந்திரம் என்கிற மூலத்தை வரிவரியாக வாசித்து, கம்பெனி ஆவணத்தில் சொல்லாமல் விட்டதையும் நடத்தையிலிருந்து ஊகித்து எழுதுகிறான். 1997இல் வந்த 'நெஸ்டிகிள்' அன்றைய மெதுவான கம்ப்யூட்டர்களிலும் விளையாட்டை ஓட்டிக்காட்டியது. துல்லியம் பற்றி அது அதிகம் கவலைப்படவில்லை. பின்னால் வந்த 'மெசன்' போன்றவை ஒவ்வொரு துடிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றன. முன்னது மாவு வந்தால் போதும் என்பது. பின்னது குழவியின் ஓசை வரை வேண்டும் என்பது. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரே தொல்காப்பியத்துக்கு வேறுவேறு உரை சொன்னது போலத்தான்.

உரை எவ்வளவு நுட்பமானாலும் எட்டாத இடம் ஒன்று உண்டு. பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கியால் வாத்து சுடுவோமே, 'டக் ஹன்ட்'. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். துப்பாக்கிமுனையில் இருக்கும் ஒளி உணர்வி அந்த வெளிச்சத்தைக் கண்டால் வாத்து விழும். டிவி அல்ல, துப்பாக்கிதான் பார்க்கிறது. பழைய குழாய் டிவியின் வரைதல் வேகத்தை நம்பிச் செய்த ஏற்பாடு இது. இன்றைய தட்டைத்திரை படத்தைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவதால் அதன்முன் அந்தத் துப்பாக்கி குருடு. எமுலேட்டரில் மவுசால் வாத்தின்மேல் கிளிக் செய்கிறோம். வாத்து விழுகிறது. ஆனால் குறிபார்த்த கை, ஒரு கண்ணை மூடிய முகம், "டிவிகிட்டப் போயி வெச்சுச் சுடாதடா, அது கள்ளாட்டம்" என்று பின்னாலிருந்து வந்த கூச்சல் இவை எந்த உரையிலும் ஏறா. என் அம்மாயி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்: "கிரைண்டர் மாவுல ஆட்டாங்கல்லு மணம் வராது கண்ணு." அவருக்குக் கிரைண்டர்மேல் கோபமில்லை, தினமும் போட்டார்.

4

இனி மாரியோவின் வேகத்துக்கு வருவோம்.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி படம் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. இந்தியா எடுத்துக்கொண்டது 'பால்' முறை, நொடிக்கு 50. ஃபேமிகாம் விளையாட்டுகளில் பெரும்பாலானவை காலத்தைக் கடிகாரத்தால் அளப்பதில்லை, படங்களை எண்ணி அளக்கின்றன. ஒரு படத்துக்கு மாரியோ இத்தனை புள்ளி நகர வேண்டும் என்பதே கணக்கு. 60க்கு எழுதிய அதே கணக்கை 50இல் ஓட்டினால் ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டியது 72 விநாடி எடுக்கும். ஐரோப்பாவுக்கென்று வெளியிட்ட மாரியோவில் நிண்டெண்டோ இந்தத் தளர்ச்சியை ஈடுகட்டத் திருத்தம் செய்தது. நம் கைக்கு வந்தது அதுவல்ல. 'மீடியா', 'லிட்டில் மாஸ்டர்' என்ற பெயர்களில் இங்கே விற்ற பெட்டிகள் ஃபேமிகாமின் நகல்கள். அவற்றில் செருகிய கேசட்டுகள் நகலின் நகல்கள். 'பால்' டிவிக்கென்று செய்த இத்தகைய பெட்டிகளில் 60க்கு எழுதிய விளையாட்டு திருத்தமில்லாமல் 50இல் ஓடியது. சுருதி கிட்டத்தட்ட மாறவில்லை, தாளம்தான் தளர்ந்தது.

ஆக எனக்கு வயசானது உண்மையென்றாலும் தட்டியது என் ஞாபகமல்ல. அக்கா மகன் ஆடியது ஜப்பானிய மாரியோ. நான் ஆடியது வேறு பாடம்.

மெசனில் ஒரு தெரிவு இருக்கிறது: எந்த நாட்டு இயந்திரமாக நடிக்க வேண்டும் என்று கேட்கும். அமெரிக்க, ஐரோப்பிய முறைகளுக்குப் பக்கத்தில் 'டெண்டி' என்றொரு பெயர். 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த நகல்பெட்டி அது. அந்நாட்டு ரசிகர்கள் தங்கள் நகலை அளந்து, அதன் துடிப்புகளைப் பதிந்து, மூலத்தின் பக்கத்தில் அதற்கும் ஒரு இருக்கை வாங்கிவிட்டார்கள். டெண்டியைத் தேர்ந்தெடுத்தேன். மாரியோ தளர்நடை போட்டார். பள்ளத்தைத் தாண்டிவிட்டேன். நம் பெட்டியின் பெயரால் அங்கே ஒரு வரி இல்லை. ரஷ்யன் வாங்கிய இருக்கையில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. அக்கா மகன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "இதப் போயி எப்படீங் மாமா ஆடுனீங்க, தூக்கம் வருது" என்று மறுபடி 60க்கு மாற்றிக்கொண்டான். அவன் பாடம் அவனுக்கு.

வேகம் மட்டுமல்ல. '64 இன் 1', '9999 இன் 1' என்று மேலே அச்சடித்த கேசட்டுகளை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது ஒரு சில விளையாட்டுகள். அதே விளையாட்டை நடுக் கட்டத்திலிருந்து தொடங்கவைத்தோ, உயிர்களின் எண்ணிக்கையைக் கூட்டியோ, வேறு பெயர் சூட்டியோ பட்டியலை நீட்டியிருப்பார்கள். யாரோ பெயரில்லாத ஒருவர் நிரலைத் திறந்து, திருத்தி, இடைச்செருகல் செய்திருக்கிறார். மோசடிதான். ஆனால் அந்த மெனுவின் இசையும் தப்பும் தவறுமான ஆங்கிலமும்தான் நமக்கு முகப்புப் பக்கம். விமர்சன மொழியில் சொன்னால், மூலத்தை ஒருபோதும் கண்டிராத ஒரு வாசகக் கூட்டம் இங்கே இருந்தது. அதற்கு நகலே மூலம். பெஞ்சமின் 1930களில் இயந்திரப் பிரதியாக்கத்தில் கலைப்பொருளின் ஒளிவட்டம் கரைவதைப் பற்றிப் பேசினார். நாங்கள் அந்த மஞ்சள் கேசட்டை வாயால் ஊதி ஊதிச் செருகியபோது ஒளிவட்டம் அதைச் சுற்றித்தான் இருந்தது. ஊதியதால் பயன் இல்லை, எடுத்து மறுபடி செருகியதால்தான் முனைகள் ஒட்டின என்பது பின்னால் தெரிந்த செய்தி.

இந்தக் கேசட்டுகளைக் கோப்பாக்குவது தனிச் சிக்கல். கேசட்டின் உள்ளடக்கத்தைப் படிக்கும் கருவி வேண்டும். எடுத்த கோப்பின் தலையில் 16 பைட்டில் ஒரு பாயிரம் எழுதவேண்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது, எந்த வகைச் சுற்று அதைப் பக்கம்பக்கமாகப் புரட்டிக் காட்டுகிறது என்று எமுலேட்டருக்கு அறிவிப்பது அதுதான். பாயிரம் தப்பினால் நூல் திறக்காது. புகழ்பெற்ற கம்பெனிகளின் சுற்றுகளுக்கு விளக்கம் எழுதப்பட்டுவிட்டது. நகல் கேசட்டுகளின் சுற்றுகளோ பட்டறைக்குப் பட்டறை வேறு. ஒவ்வொன்றையும் யாராவது திறந்து பார்த்துத்தான் எழுத முடியும்.

5

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு 1984இல் வந்த திருத்தம் கம்ப்யூட்டர் நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. நம் விமர்சகர்கள் ஏற்காவிட்டாலும் பாராளுமன்றம் மாரியோவை இலக்கியமாக ஏற்றுக்கொண்டுவிட்டது! நிரலை முறையாக வைத்திருப்பவர் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நாம் வைத்திருப்பதே நகல். முறையாக வைத்திருப்பவர் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? எமுலேட்டர் எழுதுவது வேறு விஷயம். அமெரிக்காவில் சோனி கம்பெனி கனெக்டிக்ஸ் மீது தொடுத்த வழக்கில், போலச்செய்வதற்காக இயந்திரத்தின் நிரலைப் பிரித்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மில் இயந்திரத்தின் பல்சக்கரம் உடைந்தால் சீமைக்கு எழுதிப்போட்டுக் காத்திராமல், உடைந்ததை அளந்து பட்டறையில் வார்த்துக்கொண்ட ஊர்க்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பு புதுசாகப் படாது.

உரிமைக்காரர்களே பாதுகாப்பார்கள் என்று விட்டுவிடலாமா? அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை எழுதிய ஜோர்டன் மெக்னரே தன் மூல நிரலைத் தொலைத்திருந்தார். 2012இல் அவருடைய அப்பா வீட்டில் ஒரு பெட்டியில் ஃபிளாப்பிகள் அகப்பட்டதால் மீண்டது. முறையாக வெளியானதற்கே இந்தக் கதி என்றால் நகலுக்கு யார் பொறுப்பு? இந்தியாவில் அச்சாகும் புத்தகத்தைக் கன்னிமாரா முதலிய நூலகங்களுக்கு அனுப்ப 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விளையாட்டு கேசட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது.

உ.வே.சா. புறநானூற்றை 1894இல் அச்சிட்டபோது தமக்கு உவந்த பாடத்தை மட்டும் வைத்து மற்றதைக் கரையானுக்கு விட்டுவிடவில்லை, பாடபேதங்களையும் குறித்துவைத்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா, பல்கலைக்கழகங்கள் பொருட்படுத்தாத துண்டுப்பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையும் சேர்த்துவைத்தார். இந்த இரண்டு மரபும் நமக்கு இருக்கின்றன. உலக எமுலேட்டர்க் களஞ்சியங்கள் ஜப்பானிய, அமெரிக்கப் பாடத்தைச் சுத்தமான மூலம் என்று நிறுவி, நகலைக் 'கெட்ட பிரதி' என்று ஓரத்தில் தள்ளும்போது, நாம் எதை ஆடினோம் என்கிற வரலாறும் சேர்ந்தே தள்ளுண்டு போகிறது. கெட்ட பாடமே ஒரு வட்டாரத்தின் ஒரே பாடமாக இருந்திருந்தால், அதைப் பதிப்பிப்பது பதிப்பாசிரியனின் கடமை என்றே நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது ரொம்பப் பெரிய காரியமில்லை. பரணில் கிடக்கிற பெட்டியை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்கு எடைபோடுவதற்கு முன் கேசட்டின் இருபுறமும் ஒரு போட்டோ. ஓடுகிறதென்றால் மெனுவில் வரும் பெயர்களை வரிசை மாறாமல் ஒரு தாளில் எழுதிவைப்பது. எங்கே, எந்த வருஷம் வாங்கியது என்று ஒரு குறிப்பு. கோப்பாக்கத் தெரிந்தவர் கிடைக்கும்வரை இதுவே பாயிரம். என் வீட்டு மஞ்சள் கேசட்டுக்கு நான் எழுதிவிட்டேன். 64 பெயர்கள் இருந்தன. திரும்ப வந்தவற்றைக் கழித்துப் பார்த்தால் விளையாட்டு பதினொன்று.