கள்ளிப்பாலும் காணாமல்போகும் தண்டலும்

திருகுகள்ளிப் பாலைக் கட்டியில் தடவினால் புற்று கரையுமா என்று ஜாசின் வாசகர் ஒருவர் கேட்கிறார். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம். கரையாது. தடவவும் வேண்டாம், கட்டி இருந்தால் இந்த வாரமே அரசு கிளினிக்கில் காட்டுங்கள்.

ஆனால் அந்தப் பாலில் உள்ள ஃபோர்பால் வகைப் பொருள்கள் செல்லுக்குள் செய்யும் வேலை அபாரமானது. நேர்வாள விதையிலும் அவை உண்டு. தோட்டத்து ரப்பரும் இவ்விரண்டையும் போல ஆமணக்குக் குடும்பம்தான். குடும்பம் ஒன்று என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

செல்லுக்குள் பி.கே.சி. என்றொரு புரதம் இருக்கிறது. சும்மா இருக்கையில் தன் உடலின் ஒரு துண்டாலேயே தன் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். செல்சவ்வில் டி.ஏ.ஜி. என்ற கொழுப்பு மூலக்கூறு தோன்றியதும் அதைப் போய்ப் பற்றும். அந்த இழுப்பில் அடைப்பு கழன்று வேலை தொடங்கும். டி.ஏ.ஜி.யைச் செல் சீக்கிரமே சிதைத்துவிடும். வாய் மறுபடி அடைபடும்.

பி.கே.சி.யை ரப்பர்த் தோட்டத்துத் தண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி.ஏ.ஜி. பெரட்டு மணி. அடித்தால் வருவார், நிரையைச் சுற்றிப் பார்ப்பார், போவார். ஃபோர்பாலும் அதே மணியாக ஒலிக்கிறது. ஆனால் செல்லால் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. இரவு பகலாக மணி. தண்டல் ஓடி ஓடி விழுகிறார், விழுந்தவரைத் தோட்டமே அப்புறப்படுத்துகிறது. ஓயாமல் இயங்கும் பி.கே.சி.யைச் செல் அழித்துவிடுகிறது என்பது மெய்யாகவே நடப்பது. இனி வெட்டைப் பார்க்க ஆளில்லை. கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்க, மரம் முண்டும் முடிச்சுமாகப் புடைக்கிறது.

வரலாறு சுருக்கமாக: 1977இல் ஜப்பானின் கோபேயில் நிஷிசூக்கா குழு பி.கே.சி.யைக் கண்டது. ஃபோர்பால் பிடிப்பது அதைத்தான் என்று 1982இல் தெரிந்தது. ஃபோர்பால் எலித்தோலில் கட்டியை வளர்க்கும், ஆகவே பி.கே.சி.தான் குற்றவாளி, அதை அடக்கினால் புற்று அடங்கும் என்று முடிவுகட்டினார்கள். அடக்கும் மருந்துகள் பெரிய ஆரவாரத்தோடு வந்தன. அவற்றில் ஒன்றான என்ஸாஸ்டாரின், மூளைக்கட்டிச் சோதனையில் பழைய மருந்தை விஞ்சவில்லை.

2015இல் சான் டியேகோவில் அலெக்ஸாண்ட்ரா நியூட்டன் குழு, புற்றுக்கட்டிகளில் கிடைத்த 46 பி.கே.சி. பிறழ்வுகளைச் சோதித்தது. பெரும்பாலானவை புரதத்தை முடக்கியிருந்தன. முடுக்கியது ஒன்றுகூட இல்லை. முப்பது ஆண்டுகளாகக் காவல்காரனை அல்லவா துரத்தியிருக்கிறார்கள்! ‘புற்றுக்குப் புதிய இலக்கு’ என்று செய்தி வரும்போதெல்லாம், அந்தப் புரதத்தை அணைக்க வேண்டுமா, எழுப்ப வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

பி.கே.சி.யை எழுப்பியும் பார்த்தார்கள். கள்ளி இனச் செடி ஒன்றின் பாலிலிருந்து பிரித்த இன்ஜெனால் மெபுடேட், வெயிலில் கெட்ட தோலுக்கான பூச்சாக 2012இல் அனுமதி பெற்றது. சுத்திகரித்த மருந்து, இரண்டு மூன்று நாள் மட்டுமே பூசுவது. பூசிய இடத்தில் தோல்புற்று அபாயம் கூடக்கூடும் என்று தெரிந்து, 2020இல் ஐரோப்பா அதை நிறுத்தியது.