ஒரே வளாகம், ஒரே கிளிக்கர்

"புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "புரிந்தது" என்கிறது. யாருக்குப் புரியவில்லை என்பது விடைத்தாள் திருத்தும்போதுதான் தெரிகிறது. 300 பேர் அமரும் அமெரிக்கப் பல்கலைக்கழக அரங்குகளில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. அங்கே பரவிய கருவிதான் கிளிக்கர். கையடக்கமான ஒரு ரிமோட். வினாவைப் பார்த்து மாணவர் பொத்தானை அழுத்துவார். ஆசிரியரின் கணினியோடு இணைந்த ஏற்பி எல்லா விடைகளையும் வாங்கிப் பட்டை வரைபடமாகக் காட்டும்.

தொடக்கத்தில் ஆசிரியர்கள் தத்தமக்குப் பிடித்த நிறுவனத்தின் கருவியைத் தேர்ந்தனர். சில அகச்சிவப்புக் கதிரில் இயங்கின, சில ரேடியோ அலையில். ஒன்றின் ரிமோட் மற்றதன் ஏற்பிக்கு எட்டாது. சுமை மாணவர் தலையில் விழுந்தது. இயற்பியலுக்கு ஒன்று, உளவியலுக்கு வேறொன்று என்று பல இடங்களில் அவரே காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. எனவே வளாகம் முழுவதற்கும் ஒரே கருவி என்ற முடிவுக்குப் பல பல்கலைக்கழகங்கள் வந்தன. ஏற்பியை அரங்கிலேயே நிலையாகப் பொருத்தலாம். பழுது பார்க்கவும் பயிற்சி தரவும் ஒரு குழு போதும். இல்லினாய் பல்கலைக்கழக இயற்பியல் ஆசிரியர்களே உருவாக்கிய 'ஐகிளிக்கர்' இப்படிப் பரவியவற்றுள் ஒன்று. அதன் முதல் வடிவில் விடைக்கென ஐந்தே பொத்தான்கள். அந்த எளிமைதான் அதன் பலம் என்பது என் கருத்து.

இப்போது பலர் கைப்பேசிச் செயலிக்கு மாறிவிட்டனர். ரிமோட் செலவு குறையலாம். ஆனால் கைப்பேசி இல்லாதவர், இணையம் கிடைக்காத மூலை, கவனச் சிதறல் என்று வேறு தொல்லைகள் வந்து சேர்ந்தன. பார்வைக் குறைபாடுள்ள மாணவரால் பயன்படுத்த முடியுமா என்பதை வாங்கும் முன்பே கேட்க வேண்டும். பல நேரங்களில் வாங்கிய பிறகுதான் கேட்கிறார்கள்!

சரி, கற்றலை மாற்றியது கருவியா? ஹார்வர்டில் எரிக் மசூர் 1991-இல் 'சகமாணவர் கற்பித்தல்' முறையைத் தொடங்கினார். கருத்தைச் சோதிக்கும் ஒரு வினா. ஒவ்வொருவரும் தனியாக விடை சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னவர் சுமார் 30 முதல் 70 விழுக்காடு என்றால், பக்கத்தில் இருப்பவரோடு விவாதித்துவிட்டு மீண்டும் விடை சொல்வார்கள். அதற்கும் குறைந்தால் ஆசிரியர் பாடத்துக்குத் திரும்புவார்; கூடினால் சுருக்கமாக விளக்கிவிட்டு அடுத்ததற்குப் போவார். இம்முறையைப் பின்பற்றிய இரு வகுப்புகளைக் கனடாவின் கியூபெக்கில் ஒரு கல்லூரியில் ஒப்பிட்டனர். ஒன்றில் கிளிக்கர், மற்றதில் அட்டை. கருத்துப் புரிதலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது 2008-இல் வெளியான அந்த ஆய்வு.

கிளிக்கருக்கு இரண்டு நன்மைகள் உண்டு: அடுத்தவர் விடை தெரியாது, பதிவு தங்கும். நம் வகுப்பில் முதல் நன்மையை அட்டையிலேயே பெறலாம். அ, ஆ, இ, ஈ என்று எழுதிய நான்கு அட்டைகளை ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். யோசிக்க ஒரு நிமிடம். பிறகு நீங்கள் கை தட்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில், நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து உங்களை நோக்கிக் காட்டட்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசை பார்த்து மாற்றிக்கொள்ளும்.